முறியும் வில்: கார்ச் சுருள்வில்கள் ஏன் உடைகின்றன, எப்போது மாற்றுவது?

வண்டியைத் தாங்கும் ஸ்பிரிங்கிற்குத் தமிழில் வில் என்று பெயர் வைத்திருக்கிறோம். இந்தப் பெயர் மாட்டுவண்டிக் காலத்திலேயே வந்துவிட்டது. அச்சுக்கும் பெட்டிக்கும் நடுவே வளைந்த எஃகுப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வண்டி வில்வண்டி. அது இல்லாமல் கல்லையும் குழியையும் அப்படியே முதுகெலும்புக்கு அனுப்பி வைப்பது கட்டைவண்டி. வில்வண்டியில் போவது வசதிக்கு மட்டுமல்லாமல் மரியாதைக்கும் அடையாளமாக இருந்தது. 1893இல் திருவிதாங்கூரில், தம் மக்கள் நடக்கவே தடையிருந்த பொதுத் தெருவில் அய்யன்காளி ஒரு வில்வண்டியை ஓட்டிச் சென்றது அதனால்தான் வரலாறாயிற்று.

தமிழ்நாட்டு லாரிப் பட்டறைகளில் இதே பட்டையடுக்கைக் கமான் என்பார்கள். பாரசீகத்தில் கமான் என்றால் வில். நான் வாழும் சிசிலித் தீவில் இதன் பெயர் பலேஸ்திரா. அது குறுக்குவில் என்னும் பழைய போர்க்கருவியின் பெயர். ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளாமலே மூன்று மொழிகளும் ஒரே உவமையைப் பிடித்திருக்கின்றன. பட்டைவில்லைப் பொறுத்தவரை உவமை சரிதான். அது வில்லைப் போலவே வளைந்து நிமிர்கிறது.

ஆனால் இன்று நம்மில் பெரும்பாலோர் ஓட்டும் சிறிய கார்களில் பட்டைவில் கிடையாது. சக்கரத்துக்கு ஒன்றாகச் சுருண்ட எஃகுக் கம்பிகள்தான் உண்டு. இத்தாலியர் இதை மொல்லா என்கிறார்கள், நாம் சுருள்வில் என்கிறோம். பெயரில் வில் இருந்தாலும் இது வேலை செய்யும் முறையும் வேறு, முறியும் முறையும் வேறு. பட்டைவில்லிடம் நாம் கற்ற பழக்கங்களைச் சுருள்வில்லிடம் காட்டினால் ஆபத்து. இதைச் சொல்வதற்காகவே இக்கட்டுரை.

நான் பலேர்மோ நகரில், பொலிதேயாமா அரங்கிற்குப் பின்னால் உள்ள தெருவொன்றில், ஒரு சிறிய வாகனத் திருத்தகத்தில் வேலை செய்கிறேன். எண்பதுகளிலிருந்து இந்நகரில் ஈழத்தமிழர் வாழ்கிறோம். பெரும்பாலோர் வீட்டு வேலைக்கும் முதியோரைப் பராமரிக்கும் வேலைக்கும் போகிறவர்கள். வாங்கும் கார்களும் பெரும்பாலும் கைமாறிய பாண்டாவும் பூந்தோவும்தான். பலேர்மோவுக்குக் கிழக்கே தெர்மினி இமெரேசேயில் 1970 முதல் 2011 வரை இயங்கிய ஃபியட் தொழிற்சாலையில் பிறந்த கார்கள் இன்னும் எங்கள் தெருக்களில் ஓடுகின்றன. அவற்றின் அடியில் படுத்து நான் பார்த்தவையே கீழே வருபவை.

வளைவதும் முறுகுவதும்

ஈழத்து வாசகர்களுக்கு மொறிஸ் மைனர் காரை நினைவிருக்கும். அதன் முன்சக்கரங்களுக்குச் சுருள்வில் இல்லை. நீளவாக்கில் ஒரு நேரான எஃகுத் தண்டு இருந்தது. அதன் ஒரு முனை காரின் உடலில் இறுக்கப்பட்டிருக்கும், மறுமுனை சக்கரத்தின் கையில் இருக்கும். சக்கரம் மேலே எழும்பும்போது ஈரத்துணியைப் பிழிவதுபோலத் தண்டு முறுகும். முறுக்கு விடுபடும்போது சக்கரம் கீழிறங்கும்.

இந்த முறுக்குத் தண்டை எடுத்து ஓர் உருளையைச் சுற்றிச் சுருட்டினால் கிடைப்பதுதான் சுருள்வில். மேலிருந்து அழுத்தும்போது சுருள்கள் நெருங்குவது நம் கண்ணுக்குத் தெரிகிறது. கம்பிக்குள் நடப்பது முறுக்கல். கம்பியின் ஒவ்வோர் அங்குலமும் தன் அச்சைச் சுற்றிச் சிறிது முறுகுகிறது. அந்தச் சிறு முறுக்குகளின் கூட்டுத்தொகையே வில்லின் அமுக்கம்.

முறுகும் தண்டில் நடுப்பகுதி சும்மா இருக்கும். சுமை முழுவதும் தோலில்தான். சுருளாக வளைந்திருப்பதால் உட்பக்கத் தோலுக்கு இன்னும் கொஞ்சம் அதிகம். ஆகவே சுருள்வில்லின் உயிர் அதன் மேற்பரப்பில் இருக்கிறது. மேலே விழும் ஒரு கீறல், அதே அளவு குறை உள்ளே இருப்பதைவிடப் பலமடங்கு பொல்லாதது.

கம்பியின் தடிப்பும் எதிர்பாராத அளவுக்குக் கணக்கில் வரும். வில்லின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது. 12 மில்லிமீற்றர்க் கம்பி துருவினால் 11.5 மில்லிமீற்றராகத் தேய்ந்தால், பார்வைக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் அந்தப் பகுதியின் விறைப்பு ஏறத்தாழ 16 வீதம் குறைந்துவிடும். அதே பாரத்துக்கு அதன் தோல் தாங்கவேண்டிய தகைப்பு 14 வீதம் கூடிவிடும். துரு கம்பியைச் சுற்றிலும் சமமாகத் தின்பதுமில்லை. ஓரிடத்தில் பொட்டுப் பொட்டாகக் குழி தோண்டுகிறது. முறிவு தொடங்குவது அந்தக் குழிகளில்தான்.

உலோகத்தின் களைப்பு

1842 மே 8ஆம் திகதி பாரிசுக்கும் வெர்சாய்க்கும் இடையே ஓடிய ரயிலின் எஞ்சின் அச்சு முறிந்து, ஐம்பதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். நாள்தோறும் அந்தப் பாரத்தைச் சுமந்த அச்சு ஒருநாள் அதே பாரத்தில் ஏன் முறியவேண்டும்? அக்காலப் பொறியியலாளரைக் குடைந்த கேள்வி இது. பிரசிய ரயில்வேயில் வேலை செய்த ஔகுஸ்ட் வோலர் 1850களிலும் 60களிலும் அச்சுகளை இலட்சக்கணக்கான தடவை சுழற்றிச் சோதித்து விடை கண்டார். ஒரே தடவையில் முறிக்கப் போதாத சுமையும், திரும்பத் திரும்ப வந்தால் முறிக்கும். இதை உலோகக் களைப்பு என்கிறோம்.

கார் வில்லுக்கு எத்தனை தடவை? காரின் உடல் செக்கனுக்கு ஒரு தடவைக்குச் சற்று மேலாக மேலும் கீழும் அசையும் இயல்புடையது. நகரத்தில் மணிக்கு 30 கிலோமீற்றர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீற்றருக்கு இரண்டு நிமிடம். செக்கனுக்கு ஒன்று என்று வைத்தாலும் 120 அசைவுகள். ஓர் இலட்சம் கிலோமீற்றரில் ஒரு கோடியே இருபது இலட்சம். இவற்றில் பெரும்பாலானவை மெல்லிய அசைவுகளே. நல்ல வில் இவற்றைப் பொருட்படுத்தாது. செய்யும்போதே அதன் தோலைச் சின்னஞ்சிறு எஃகுக் குண்டுகளால் அடித்து இறுக்கிவிடுகிறார்கள். அப்படி இறுகிய தோலில் விரிசல் எளிதில் வாய் திறக்காது. அதன் மேலே தூள்பூச்சு வேறு உண்டு.

சிக்கல் இதுதான். இறுகிய அந்தத் தோலின் ஆழம் மில்லிமீற்றரில் ஒரு சிறு பங்கே. ஒரு கல் பட்டுப் பூச்சுப் பெயர்ந்து, அங்கே துருக்குழி அந்தத் தோலைத் தாண்டி இறங்கிவிட்டால், பாதுகாப்பு முடிந்தது. பிறகு ஒவ்வோர் அசைவும் குழியின் அடியைச் சிறிது சிறிதாகப் பிளக்கும்.

எரிபொருள் மிச்சம் பிடிக்கக் கார்களின் எடையைக் குறைக்கவேண்டியிருந்ததும் ஒரு காரணம். மெல்லிய கம்பியில் அதே பாரத்தைத் தாங்க, சிலிக்கனும் குரோமியமும் கலந்த மிகவலிய எஃகைக் கையாள்கிறார்கள். சாதாரண மென்னெஃகைவிட இது நான்கைந்து மடங்கு வலியது. ஆனால் எஃகு எவ்வளவு வலிதாகிறதோ அவ்வளவுக்குக் கீறலைப் பொறுக்கமாட்டாது. துருப்பிடிக்கும்போது உண்டாகும் ஐதரசன் எஃகுக்குள் புகுந்து அதை நொறுங்கும் தன்மையுள்ளதாக ஆக்குவதும் இத்தகைய எஃகில்தான் அதிகம். நிறுத்திவைத்த காரிலேயே இரவில் வில் முறிந்த கதைகளைப் பல நாட்டு மெக்கானிக்குகளும் சொல்வார்கள். கார் நின்றாலும் வில் ஓய்வதில்லை. காரின் பாரம் எந்நேரமும் அதன் மேல் இருக்கிறது.

குழியா, துருவா?

வில் முறிந்து வருகிற எல்லோரும் ஒரு குழியின் மேல் பழி போடுவார்கள். பலேர்மோவில் அதற்குக் குறைவில்லை. பழைய நகரத்தில் பலாதே எனப்படும் சாம்பல்நிறக் கற்பலகைகள் பாவிய தெருக்கள். ஒன்று தாழ்ந்து ஒன்று உயர்ந்து கிடக்கும். சுற்றுவட்டச் சாலையில் ஒட்டுப்போட்ட தார். பொலிதேயாமாவின் உச்சியில் மாரியோ ருத்தெல்லி வார்த்த வெண்கல நான்குகுதிரைத் தேர் நிற்கிறது. நம் தெருவில் இறங்கினால் அதன் அச்சும் தப்பாது என்று எங்கள் முதலாளி சொல்லிச் சிரிப்பார்.

ஆனால் முறிந்த முகத்தைப் பார்த்தால் கதை வேறாக இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு பூந்தோ எங்களிடம் வந்தது. ஓட்டுபவர் ஊரில் லொறி ஓட்டிய ஒரு பெரியவர். முன்பக்கம் ‘டொக்’ என்ற சத்தம். வேறொரு திருத்தகத்தில் இரண்டு ஷொக் அப்சோபர்களையும் மாற்றிக் காசும் வாங்கியிருந்தார்கள். சத்தம் அப்படியே இருந்தது. காரை உயர்த்திச் சக்கரத்தைக் கழற்றினோம். வலப்பக்க வில்லின் அடிச்சுருளில் முக்கால் சுற்று தனியாக முறிந்து, தட்டில் கிடந்தது.

முறிந்த துண்டைத் துடைத்து அவரிடம் காட்டினேன். உட்பக்கத் தோலருகே நகக்கண் அளவில் ஒரு பகுதி கறுத்துப்போன மண்ணிறம். மற்றது சாம்பல்நிறம், சரிவாகத் திருகி உடைந்திருந்தது. சோக்கட்டியை இரண்டு கையாலும் முறுக்கி உடைத்துப் பாருங்கள். அதுவும் இப்படித்தான் சாய்வாகத் திருகி உடையும். சாம்பல்நிறப் பகுதி கடைசியில் ஒரே நொடியில் உடைந்தது. குழி செய்த வேலை அவ்வளவுதான். மண்ணிற விரிசல் அதற்கு நெடுநாள் முன்பே தொடங்கி, தண்ணீர் புகுந்து துருப்பிடித்துக் கிடந்தது. குழி கடைசி அடியை அடித்தது, ஆனால் வில்லை முடித்தது துரு.

அடிச்சுருளில்தான் பெரும்பாலும் முறிவு வரும். காரணம் எளிது. அங்கேதான் வில் தட்டில் உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரும் மணலும் அங்கே தங்குகின்றன. ஒவ்வோர் அசைவிலும் கம்பிக்கும் தட்டுக்கும் நடுவே மணல் அரத்தைப் போல உரசிப் பூச்சைத் தின்னும். எங்கள் ஊரில் கடற்காற்றின் உப்பும், ஆபிரிக்காவிலிருந்து சிரோக்கோ காற்று கொண்டுவரும் பாலைவனத் தூசியும் இந்த வேலைக்குப் போதும். ரொறன்ரோவிலும் ஒஸ்லோவிலும் வாழும் வாசகர்களுக்கு நிலைமை இன்னும் மோசம். பனிக்காலத்தில் வீதியெல்லாம் உப்பு. அமெரிக்காவில் சில வகைக் கார்களின் முன்வில் முறிந்து ரயரைக் குத்தியபோது, உப்புப் போடும் மாநிலங்களில் ஓடிய கார்களைத் தனியாகத் திரும்ப அழைத்துச் சரிசெய்ததும் உண்டு. குழி எல்லா மாநிலத்திலும் இருக்கிறது; திரும்ப அழைத்தது உப்புள்ள மாநிலங்களில்.

முறிந்தும் ஓடும் கார்

அந்தப் பெரியவர் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “தம்பி, கார் ஓடுது தானே. ஒரு பட்டை போனாலும் லொறி வீடு வந்து சேரும். அடுத்த மாசம் பாப்பமே?” என்றார்.

அவர் லொறியைப் பற்றிச் சொன்னது உண்மை. பட்டைவில்லில் ஏழெட்டுப் பட்டைகள் இருக்கும். ஒன்று முறிந்தால் மற்றவை சுமையைப் பகிர்ந்துகொள்ளும். பட்டறைக்காரர் முறிந்த பட்டையை மட்டும் மாற்றுவார். தொய்ந்த பட்டையை வளைத்துக் கொடுப்பார். அந்தக் கைவேலை நம் ஊர்களில் ஒரு தனித் தொழிலாகவே இருக்கிறது. சுருள்வில்லுக்கு அப்படி ஒரு கூட்டுக்குடும்பம் இல்லை. தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே கம்பி. அடியில் முக்கால் சுற்றுப் போனால் கார் சிறிது தாழும், மிச்சச் சுருள் தட்டில் உட்கார்ந்துகொள்ளும், கார் ஓடவும் செய்யும். ஆபத்தே இந்த ஓட்டத்தில்தான் இருக்கிறது.

முறிந்த முனை உளியைப் போலக் கூர்மையானது. பல சிறிய கார்களின் முன்பக்கத்தில் வில்லின் தட்டு ரயருக்கு மிக அருகில் இருக்கும். சக்கரம் திரும்பும்போது அல்லது ஒரு மேட்டில் ஏறி இறங்கும்போது வில் தட்டைவிட்டு நழுவினால், அந்த முனை ரயரின் பக்கச்சுவரைக் கிழிக்கும். பக்கச்சுவர் கிழிந்த ரயரில் காற்றுக் கொஞ்சங் கொஞ்சமாகப் போவதில்லை.

அவரிடம் ஒன்றுதான் கேட்டேன்: “ஞாயிற்றுக்கிழமை எங்கே போறியள், ஐயா?” பலேர்மோத் தமிழருக்கு அந்தக் கேள்வியின் விடை தெரியும். நகரின் வடக்கே அறுநூறு மீற்றர் உயரத்தில் எழும் பெலெக்ரீனோ மலையில், குகைக்குள் இருக்கும் சாந்தா ரொசலியாவின் கோயிலுக்குக் கத்தோலிக்கரும் சைவரும் ஒன்றாகவே போகிறோம். நேர்த்தி வைத்தவர்கள் நடந்து ஏறுவார்கள். வயதானவர்களும் பிள்ளைகளும் காரில். திரும்பி வரும்போது வளைவுக்கு மேல் வளைவாக இறக்கம். இறக்கத்தில் பிரேக் பிடித்தால் பாரம் முழுவதும் முன்வில்களுக்குப் போகும். அவர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர். காரை அன்றே விட்டுவிட்டு பஸ்ஸில் வீட்டுக்குப் போனார்.

எப்படி அறிவது?

மெக்கானிக்கிடம் போகாமலே நீங்கள் பார்க்கக்கூடியவை சில உண்டு.

முதலாவது, சத்தம். நின்ற இடத்தில் ஸ்டியரிங்கை முழுவதும் திருப்பும்போது ‘டங்’ என்று கம்பி துள்ளும் ஓசை, அல்லது வேகத்தடையில் மெதுவாக ஏறி இறங்கும்போது ஒற்றை ‘டொக்’. ஷொக் அப்சோபரின் மேல்மூட்டும் இப்படிச் சத்தமிடும். ஆகவே பார்க்காமல் எதையும் மாற்றக் கூடாது.

இரண்டாவது, உயரம். சமதரையில், காரில் பாரம் இல்லாமல், நான்கு ரயர்களிலும் காற்றைச் சரிபார்த்துவிட்டு, சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே உள்ள வளைவின் விளிம்பு வரை அளந்து பாருங்கள். ஒரே அச்சின் இடமும் வலமும் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் வேறுபட்டால் காரணம் தேடவேண்டும்.

மூன்றாவது, கண். சக்கரத்தை ஒருபக்கம் முழுவதும் திருப்பி நிறுத்தி, கைப்பேசி விளக்கை அடித்து அடிச்சுருளைப் பாருங்கள். கம்பியின் முனை தொழிற்சாலையில் வெட்டியபடி தட்டின் பள்ளத்தில் அமர்ந்திருக்கிறதா? இரண்டு பக்கமும் சுருள்களை எண்ணினால் ஒரே எண்ணிக்கை வருகிறதா? பூச்சு உரிந்து சொரசொரப்பான துரு தெரிகிறதா? வெறும் மண்ணிறச் சாயத்துக்குப் பயப்படவேண்டாம். விரல் வைத்தால் குழிகள் தட்டுப்படுகிறதா என்பதே கேள்வி. ஜாக்கியில் மட்டும் நிற்கும் காருக்கடியில் எக்காரணம் கொண்டும் தலையை விடாதீர்கள்.

அரசாங்கப் பரிசோதனை இருக்கிறதே என்று சிலர் கேட்பார்கள். இத்தாலியில் புதிய காருக்கு நான்காம் வருடம் ரெவிசியோனே, பிறகு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. முறிந்த வில் இருந்தால் கார் தேறாது. ஆனால் இரண்டு வருட இடைவெளியில் ஒரு துருக்குழி செய்யக்கூடியது நிறைய. ஒன்ராறியோவில் சொந்தக் காருக்குக் கைமாறும்போதுதான் பாதுகாப்புச் சான்றிதழ் கேட்கிறார்கள். அங்குள்ளவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ளவேண்டும். பனிக்காலம் முடிந்ததும் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுவது மலிவான மருந்து.

எப்போது மாற்றுவது?

எண்ணெய் மாற்றுவதைப்போல வில்லுக்கு இத்தனை ஆயிரம் கிலோமீற்றர் என்று கணக்கில்லை. காரின் ஆயுள் முழுவதும் நிற்கும் வில்களும் உண்டு. அப்படி ஓர் எண்ணைச் சொல்லி மாற்றச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள். நான் பின்பற்றுவது இது.

முறிந்திருந்தாலோ விரிசல் தெரிந்தாலோ அன்றே மாற்றவேண்டும். மலைப்பாதைக்கும் நெடுஞ்சாலைக்கும் காரை எடுக்கக் கூடாது. அடிச்சுருளில் துருக்குழிகள் விழுந்திருந்தால், முறியும் வரை காத்திராமல் வசதியான ஒரு நாளில் மாற்றுங்கள். பாரம் இல்லாமலே கார் ஒருபக்கம் தாழ்ந்து நின்று, வேறு காரணமும் இல்லையென்றால் மாற்றுங்கள். பழைய காரில் முன் ஷொக் அப்சோபர் மாற்றும்போது வில்லையும் கழற்றித்தான் ஆகவேண்டும். அது துருவேறியிருந்தால் அப்போதே மாற்றுவது இரண்டாம் தடவைக் கூலியை மிச்சப்படுத்தும்.

மாற்றினால் ஒரே அச்சின் இரண்டையும் மாற்றவேண்டும். இரண்டும் ஒரே உப்பில், ஒரே தெருவில் கிழடானவை. மற்றதும் பின்னாலேயே போகும். பழையதும் புதியதும் சேர்ந்தால் கார் இருபுறமும் சமமாக நிற்காது. நான்கையும் மாற்றச் சொன்னால், மற்ற இரண்டின் குறையைக் கண்ணால் காட்டச் சொல்லுங்கள். ஒரே மாதிரிக் காரிலும் டீசல் எஞ்சினுக்கும் பெற்றோல் எஞ்சினுக்கும் வில் வேறுபடலாம். வில்லில் உள்ள வண்ணக்கோடுகள் அலங்காரத்துக்கல்ல, தரவகையைக் காட்டுபவை. காரின் அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து வாங்குவதே சரி.

செய்யக்கூடாதவை இரண்டு. முறிந்த வில்லை ஒட்டவைத்துத் தரச்சொல்லாதீர்கள். சூடு பட்ட இடத்தில் எஃகின் பதம் போய்விடும். வீட்டு வாசலில் வைத்து மாற்றவும் முயலாதீர்கள். ஒரு சிறிய காரின் முன்வில்லை 15 சென்ரிமீற்றர் அமுக்கி வைத்தால் அதற்குள் தேங்கும் சக்தி, 22 கிலோ எடை ஒரு மீற்றர் உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். அமுக்கும் கருவி நழுவினால் அது முழுவதும் ஒரு நொடியில் உங்கள் முகத்துக்கோ கைக்கோ வரும்.

புதிய வில்லைப் பொருத்தும்போது தட்டிலுள்ள மண்ணைச் சுரண்டி, இறப்பர் இருக்கையையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். எங்களிடம் வருகிறவர்களில் பலர் இந்தச் சிறு செலவில்தான் பேரம் பேசுகிறார்கள். பழைய வில் முறியத் தொடங்கிய இடமே அதுதான்.